அரம் போட்ட கார்டு

“ராவினேன். லேசாத்தான் ராவினேன். அதுக்கு எதுக்கு இப்படி மூச்சை அடக்கிட்டு நிக்கற?”

அண்ணன் இதைச் சொன்னபோது அரம் அவன் கையிலேயே இருந்தது. அதன் பற்களுக்கு நடுவில் பொன்னிறமாகப் பொடி மின்னியது. மேசைமேல், மூடி கழற்றிய புதுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், அந்தப் பழைய கார்டு கிடந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. அதன் அடி விளிம்பில் வரிசையாகப் பொன்முலாம் பூசிய பட்டைகள் இருக்க வேண்டும், நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்க வேண்டும். இப்போது சின்னப் பள்ளம் பெரிய பள்ளமாகியிருந்தது. பள்ளத்தை ஒட்டியிருந்த பட்டைகளைக் காணோம்.

தங்கை ஒயருக்குக் காது இரண்டும் சூடாகின. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. எப்போதும் தோளில் ஏதாவது ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயரை எல்லோரும் மறந்து பல வருஷமாகிவிட்டது.

“ஸ்விட்ச் போட்டியா?” என்றாள்.

“போடத்தான் போனேன். நீ வந்துட்ட.”

“அரத்தை கீழ வை. எதையும் தொடாத. ரெண்டடி பின்னால போய் நில்லு.”

“ஏன், நான் என்ன திருடனா? என் பட்டறை, என் மேசை, என் அரம்.”

“கார்டு யாருது?”

அண்ணன் வாயிலேயே ஆணியை வைத்துக்கொண்டு நிற்பவன்போல உதட்டை மடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். அது கதவும் ஜன்னலும் செய்யும் மரப் பட்டறை. முன்னால் அண்ணன் கை உளியோடும் இழைப்புளியோடும் வேலை செய்வான். பின்னால், கொட்டகையில் பாதியை அடைத்துக்கொண்டு, மரத்தில் தானே பூவேலை செதுக்கும் ஒரு மெஷின் நிற்கும். மூடிப்போன ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து அதைக் கொண்டுவரச் சொல்லி அடம்பிடித்தது ஒயர். அதை ஓட்டுவதும் அவள்தான். இங்கே இறங்கு, அங்கே திரும்பு, இவ்வளவு ஆழம் தோண்டு என்று மெஷினுக்குச் சொல்வது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் சொல்வதை மெஷினுக்குக் கடத்துவது இந்தப் பச்சைக் கார்டு. அது செய்யப்பட்ட கம்பெனியே இப்போது இல்லை. இன்னொன்று எங்கும் கிடைக்காது.

போன மாதம் பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. மெஷின் ஊமையாக நின்றது. மரப் பலகைகளை அடுக்க இடம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த அண்ணன் கண்ணுக்கு அது ஒரு பெரிய இரும்புக் கட்டிலாகத் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் ஒரு முடிவு சொன்னான். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஓடினால் மெஷின் இருக்கும். ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரர் வண்டி வரும், மெஷின் போகும், ஒயர் முன்பக்கம் உட்கார்ந்து வருகிற போனை எல்லாம் எடுத்து “அண்ணன் வெளிய போயிருக்காங்க” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அதுமட்டுமா. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்றவனிடம், “பழைய மாதிரி கார்டு சொருகற ஸ்லாட் இருக்கறதா பாத்து வாங்கு, இல்லன்னா என்னையும் கூட்டிட்டுப் போ” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவன் தனியாகப் போய், உள்ளே கலர் கலராக விளக்கெரியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடைக்காரர், “எல்லாமே இதுல ஓடும்” என்றாராம். எல்லாமே ஓடும்தான், கார்டைத் தவிர. புதுக் கம்ப்யூட்டரின் ஸ்லாட் பேசும் பாஷை வேறு, பழைய கார்டு பேசும் பாஷை வேறு. நீளம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு கன்வெர்ட்டர் பலகை வேண்டும். ஒயர் தேடிப்பிடித்து அதை வரவழைத்தாள். இன்று காலை கூரியர் ஆபீஸுக்குப் போய் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் பெட்டியைக் குலுக்காமல் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் போய்வந்த அந்த இடைவெளிதான் அண்ணனுக்குப் போதுமானதாக இருந்தது.

“நீ வரதுக்குள்ள மாட்டி வெச்சா சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்,” என்றான் இப்போது. “அந்த நீட்டு ஸ்லாட்டுல வெச்சுப் பாத்தேன். நடுவுல ஒரு தடுப்பு இடிச்சுது. கார்டுல இருக்கற பள்ளம் கொஞ்சம் தள்ளி இருக்கு. சரி, அளவு தப்பா வெட்டிட்டான் போலன்னு...”

“அளவு தப்பா வெட்டிட்டானா?”

“ஆமா.”

“அந்தக் கார்டை செஞ்சவன் அளவு தெரியாதவன். நீ தெரிஞ்சவன்.”

“நிலையில கதவு உக்காரலைன்னா என்ன பண்ணுவோம்? இழைப்போம். அதத்தான் பண்ணேன்.”

அந்தப் பட்டறையில் எல்லாம் அப்படித்தான். பொருந்தவில்லை என்று எதையும் அங்கே யாரும் திருப்பி அனுப்பியதில்லை. மரம் என்றால் இழைப்புளி, இரும்பு என்றால் அரம், செருப்பு கடித்தால்கூட அண்ணன் உளியைத்தான் தேடுவான். கல்யாண மோதிரம் விரலில் ஏறாதபோது அண்ணி சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள் என்று வீட்டில் ஒரு கதை உண்டு.

“கதவும் இதுவும் ஒண்ணா?” ஒயரின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. அவள் கோபம் அப்படித்தான், கீழே போகப் போகச் சூடு. “பள்ளம் தள்ளி இருக்குன்னா, இங்க போடாதன்னு அர்த்தம். மாத்திப் போட்டுடக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்கான். கதவுல பூட்டு இருந்தா, அய்யோ பாவம் திறக்கலயேன்னு உடைப்பியா?”

“சாவி இல்லன்னா உடைக்கத்தான் வேணும்.”

“சாவி எங்கிட்ட இருக்கு. இதோ, இந்தப் பெட்டியில. இத வாங்கத்தான் போனேன். உனக்கு அந்த ஒரு மணி நேரம் கையக் கட்டிக்கிட்டு இருக்க முடியல.”

பாலிஷ் போடும் துணியோடு அண்ணி உள்ளே வந்தாள். வந்ததும் இருவர் முகத்தையும் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், அரத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஏங்க, அதையுமா?” என்றாள்.

“நீயும் ஆரம்பிக்காத,” என்றான் அண்ணன். பிறகு, மூலையில் மாட்டிக்கொண்டவனுக்கே வரும் தைரியத்தில் விரலை நீட்டினான். “இவதான் கத்துக்குடுத்தா. முன்பக்கத்து கம்ப்யூட்டருல இவ என்ன பண்ணா? சொல்லச் சொல்லு. ஸ்லாட்டையே அறுத்தாளா இல்லையா?”

ஒயர் பார்வையைக் கார்டின் பக்கம் திருப்பினாள்.

அறுத்தாள்தான். முன்பக்கத்துச் சின்னக் கம்ப்யூட்டரில் படம் காட்டும் பழைய கார்டு ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. கார்டு நீளம், ஸ்லாட் குட்டை. ஸ்லாட்டின் ஓரச் சுவரைச் சூடான பிளேடால் வெட்டித் திறந்துவிட்டு, கார்டின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க மாட்டினாள். ஓடியது. அந்த வகை ஸ்லாட்டில் அது நடக்கும். சுவர் வெறும் பிளாஸ்டிக், அதில் மின்சாரம் போகிற வேலையே இல்லை, கார்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. அண்ணன் அன்றைக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தான். அவளை அவன் பாராட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் அது ஒன்று. “இப்பதான் நீ நம்ம பட்டறை ஆளு” என்றான். “எல்லாத்தையும் இப்படி அறுத்து மாட்டிடலாமா?” என்றும் கேட்டான்.

அவள் பிளேடை ஊதிவிட்டு, “மாட்டலாம். பண்ணத் தெரியணும், அவ்வளவுதான்” என்று சொல்லியிருந்தாள்.

இப்போது அந்த வார்த்தை நேராக வந்து நெற்றியில் அடித்தது. அதில் அவள் கோபம் தணிந்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள். இரட்டிப்பானது.

“நான் அறுத்தது சுவரு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “நீ அறுத்தது நரம்பு.”

“அத அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“கேட்டியா?”

“கேட்டேன். பண்ணத் தெரியணும்னு சொன்ன. எனக்கு அரம் போடத் தெரியும்.”

அண்ணி துணியால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, வார்னிஷ் வாசமா, தெரியவில்லை.

ஒயர் கார்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அண்ணனின் கை சுத்தமான கை. ராவிய இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோணல்மாணலாகச் செய்திருந்தாலாவது திட்டுவதற்கு வசதி. பள்ளத்துக்கு ஒரு பக்கமாக, முன்முகத்தில் சில பட்டைகளும் பின்முகத்தில் சில பட்டைகளும் போயிருந்தன. ஆனால் பட்டையிலிருந்து மேலே ஏறும் மெல்லிய செம்புக் கோடுகள் மிச்சம் இருந்தன. விரல் போயிருந்தது, மணிக்கட்டு இருந்தது.

கன்வெர்ட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பினாள். அதன் ஸ்லாட்டின் கால்கள் அத்தனையும் பலகையின் அடியில் ஈயப் பொட்டுகளாக நீட்டிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த கோட்டிலிருந்து மயிரிழைக் கம்பி இழுத்து, நேராக அந்தந்தப் பொட்டில் பற்றவைத்துவிட்டால்? கார்டும் கன்வெர்ட்டரும் இனி ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரிதான், பிரிக்கவே முடியாது. ஆனால் பேசும்.

“செத்த ஃபேன் மோட்டார் ஒண்ணு கெடந்துதே, எங்க?” என்றாள் யாரையும் பார்க்காமல்.

அண்ணன் ஓடிப்போய் எடுத்துவந்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. மேசையைக் காட்டினாள். வைத்தான்.

மோட்டாரிலிருந்து கம்பியை உருவி, முனையைச் சுரண்டி, கார்டைக் கன்வெர்ட்டரில் மாட்டிவிட்டுச் சூட்டுக்கோலை எடுத்தாள். ஒவ்வொரு கோட்டின்மீதும் முனையை வைக்கும்போது வாய் தன்னால் முணுமுணுத்தது. கடைக்குத் தனியாகப் போனதுக்கு ஒரு கம்பி. கலர் விளக்குக்கு ஒரு கம்பி. ‘அளவு தப்பா வெட்டிட்டான்’ என்றதுக்கு ஒன்று, அதைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

“இவ்வளவு கோவத்தோட சூடு வெச்சா பலகையே வெந்துடும்,” என்றாள் அண்ணி. பூதக்கண்ணாடியை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ அவனுக்கு சப்போர்ட்டா அண்ணி?”

“நான் கண்ணாடிக்கு சப்போர்ட். ஆடாம இரு.”

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. பழைய இரும்புக்காரர் சொன்னதைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். உள்ளே வந்தவர், வந்த வேலையை மறக்காதவராக, மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி, முட்டியால் இரண்டு இடத்தில் தட்டி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார்.

“நல்ல கனம். எப்ப ஏத்தலாம்?”

“இருங்க, தங்கச்சி ஒரு வேல பாத்துக்கிட்டிருக்கு,” என்றான் அண்ணன்.

“பாக்கட்டும் பாக்கட்டும். பையன்கள கயிறு எடுக்கச் சொல்லவா?”

“கயிற மெஷின்மேல போட்டா அந்தக் கயிற வேற எதுக்காவது உபயோகப்படுத்துவேன்,” என்றாள் ஒயர், தலையைத் தூக்காமல். அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டார்.

கடைசிக் கம்பியையும் வைத்தாள். கன்வெர்ட்டரைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினாள். பழைய சிஸ்டத்தை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தாள், கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே பார்க்கிற பயாஸ் செட்டிங்கில் நோண்ட வேண்டியதையெல்லாம் நோண்டி வைத்திருந்தாள். ஸ்விட்சைத் தட்டினாள். உள்ளே கலர் விளக்குகள் கண்ணடித்தன. திரை வந்தது. கார்டு வரவில்லை. அப்படி ஒன்று மாட்டப்பட்டிருப்பதாகவே அந்தக் கம்ப்யூட்டர் காட்டிக்கொள்ளவில்லை.

மறுபடி அணைத்துப் போட்டாள். இல்லை.

பழைய இரும்புக்காரர் முக்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“உக்காருங்க,” என்றாள் ஒயர். அவர் உட்கார்ந்தார்.

கன்வெர்ட்டரை வெளியே எடுத்து, திருப்பி, ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் உறுதியாக இருந்தன. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவர்கள் புகை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று சூட்டுக்கோலை ஈயத்தில் வைத்து வேண்டுமென்றே புகைய விட்டாள்.

அப்போதுதான் அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். இரண்டடி தள்ளி நிற்கச் சொன்ன இடத்திலிருந்தேதான் எட்டிப் பார்த்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

“முகப்பக்கம் எது?”

“என்னது?”

“அந்தப் பலகைக்கு முகப்பக்கம் எதுன்னு குறி போட்டியா? நீ கார்ட பாக்கும்போது நிமித்தி வெச்சுப் பாத்த. ஒட்டும்போது இத கவுத்து வெச்சு ஒட்டின. கவுத்தா இடது வலதா போகும். கதவுல கொண்டி அடிக்க வர புதுப் பசங்க எல்லாம் மொத நாள் பண்ற தப்பு. அதுக்குத்தான் பென்சில்ல முகப்பக்கம் குறி போடச் சொல்றது.”

அவன் அதை ஜம்பமாகச் சொல்லவில்லை. கொட்டாவி விடுகிற மாதிரி சொன்னான். அதுதான் தாங்கவில்லை. ஒயர் கார்டைப் பார்த்தாள், பொட்டுகளைப் பார்த்தாள். முன்முகத்துக் கம்பிகள் பின்முகத்து வரிசையில் இருந்தன. பின்முகத்துக் கம்பிகள் முன்வரிசையில். அத்தனையும், ஒன்று பாக்கியில்லாமல், மாறி. அண்ணனைத் திட்டிக்கொண்டே வைத்த கம்பிகள்.

உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதை யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அந்த இரும்புக்காரர் சொல்லியிருந்தால்கூட டீ வாங்கிக் கொடுத்திருப்பாள்.

“பென்சில் குடு,” என்றாள்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தான். கார்டிலும் கன்வெர்ட்டரிலும் முகப்பக்கம் பார்த்துக் குறி போட்டாள். எல்லாக் கம்பியையும் பிடுங்கினாள். இந்தமுறை திட்டவில்லை. உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு, அண்ணி நகர்த்திய கண்ணாடிக்குக் கீழே, ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைத்தாள்.

ஸ்விட்ச். கலர் விளக்கு. திரை. கார்டு வந்தது, பழைய பெயரோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி.

மெஷினின் தலை ஒரு முறை உதறி, முனகிக்கொண்டு, தன் மூலைக்குப் போய் நின்றது. ஒயர் ஒரு கழிவுப் பலகையைக் கவ்வியில் இறுக்கி, ஒரு வட்டம் செதுக்கச் சொன்னாள். வட்டம்தான் சரியான பரீட்சை. நடுவில் ஒரு கட்டளை தொலைந்தாலும் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேராது. பொடி பறந்தது. உளிமுனை சுற்றிக்கொண்டு வந்தது, ஆரம்பித்த புள்ளியை நெருங்கியது, தொட்டது. அண்ணன் குனிந்து நகத்தால் தடவிப் பார்த்தான். நகம் எங்கேயும் தட்டவில்லை.

“ஏத்த வேண்டியதில்ல போல,” என்றார் பழைய இரும்புக்காரர் வருத்தமாக.

“பழைய கம்ப்யூட்டர் டப்பா இருக்கு, அத எடுத்துக்கங்க,” என்றான் அண்ணன். பிறகு மெஷினின் முதுகில் கை வைத்து, பெருமையாக, வாசல்வரை கேட்கிற மாதிரி சொன்னான். “ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. நான் ராவிக் குடுத்தேன், அவ ஒயர் ஒட்டினா. ஒரு இடத்துல தடுமாறினா, எடுத்துச் சொன்னேன். ரெண்டு பேரும் சேந்து மாட்டிட்டோம்.”

அண்ணி மெதுவாகப் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

“ராவிக் குடுத்தியா?” என்றாள் ஒயர். “ராவிக் குடுத்தியா நீ? இனிமே இந்தக் கார்ட இந்தப் பலகையிலேருந்து எடுக்கவே முடியாது. நாளைக்கு இந்தக் கன்வெர்ட்டர் போச்சுன்னா எல்லாம் போச்சு. பத்து நிமிஷத்துல மாட்டியிருக்க வேண்டிய வேல. ஒரு நாள் முழுக்க உசுரு போயிருக்கு. ராவிக் குடுத்தானாம்.”

“சரி, கவுத்து ஒட்டினது யாரு?”

“யாரால ஒட்ட வேண்டி வந்துது?”

“எல்லாத்தையும் அறுத்து மாட்டலாம்னு சொன்னது யாரு?”

அவள் போய் அரத்தை எடுத்து, நேராகக் கொட்டகை வாசலுக்கு வெளியே, முன்பக்கத்தில் அவன் இழைக்கும் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு வந்தாள். “இனிமே இந்த அரம் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. மெஷின் கிட்டயும் வரக்கூடாது, கம்ப்யூட்டர் கிட்டயும் வரக்கூடாது. எது மாட்டணும்னாலும் நான் இருக்கணும்.”

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். பிறகு முன்பக்கம் போய், அவள் ஸ்லாட் அறுத்த அந்தப் பிளேடைத் தேடி எடுத்துவந்து, அரத்துக்குப் பக்கத்திலேயே ஒழுங்காக வைத்தான்.

“சரி. இதுவும் உள்ள வரக்கூடாது.”

இருவரும் ஒரே நேரத்தில் அண்ணியைப் பார்த்தார்கள். அவள், “எனக்கு பாலிஷ் காயுது” என்று போயே போய்விட்டாள். அதற்குப் பிறகு மெஷின் தினமும் ஓடுகிறது, கதவுகளில் பூ செதுக்குகிறது, அண்ணனும் தங்கையும் மட்டும் “அந்தப் பலகைய எடு”, “இந்தா” என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை. அரமும் பிளேடும் இன்னும் பெஞ்சின்மேல் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. முதலில் போய் எடுப்பவர் தோற்றவர் என்று சொல்லாமலே ஆகிவிட்டது.

கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்கிற கை உங்களுக்கும் இருக்கும், பொருந்தாததைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத கை. அதனால் கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள்: ராவினவன் மேல் தப்பா, எல்லாவற்றையும் அறுக்கலாம் என்று பீற்றிக்கொண்டவள் மேல் தப்பா, இதில் யார் முதலில் போய் அந்தப் பெஞ்சைத் தொட வேண்டும்?